அண்ணாச்சியின் மெயில் பெட்டி

கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்தின் சட்டப் பிரிவிலிருந்து அந்த மெயில் வந்தபோது ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. எங்கள் நூற்பாலை கோவில்பட்டிக்கு வெளியே இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கரிசல் காடுதான். மழை விழுந்தால் அந்த மண் மேலும் கறுத்து, செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் பதத்துக்கு வந்துவிடும். வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாசல் படியில் காலைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

மெயில் சுருக்கமாக இருந்தது. பஞ்சு வியாபாரி ஒருவரோடு கம்பெனிக்கு இருந்த வழக்கு முடிந்துவிட்டது. ஆகவே முன்னாள் கொள்முதல் மேலாளரின் மெயில் பெட்டி மீது வைத்திருந்த தடை நீங்குகிறது. மாதக் கடைசிக்குள் பாலிசிப்படி அதை அழித்துவிட வேண்டும்.

அந்த முன்னாள் கொள்முதல் மேலாளரை மில்லில் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மில்லின் கம்ப்யூட்டர்கள், மெயில், வருகைப் பதிவு எல்லாம் என் பொறுப்பு. கோயம்புத்தூர்க்காரர்கள் மில்லை வாங்கிய பிறகு, கூடுதலாக இந்த ரிட்டென்ஷன் பாலிசியும் என் தலையில் வந்து விழுந்தது. எந்த மெயிலை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும், எப்போது அழிக்க வேண்டும் என்று கம்பெனி போட்டிருக்கும் விதிமுறை அது. கணக்கு, ஒப்பந்தம் சம்பந்தப்பட்டவை நீண்ட காலம் இருக்க வேண்டும். அன்றாடம் எழுதிக்கொள்வது சீக்கிரம் போய்விடும். வேலையை விட்டுப் போனவர்களின் பெட்டியை ஒரு வருஷத்தில் காலி செய்ய வேண்டும். வழக்கு ஏதாவது வந்தால் மட்டும், அது முடிகிறவரை சம்பந்தப்பட்ட பெட்டியை யாரும் தொடக்கூடாது. அண்ணாச்சியின் பெட்டி இத்தனை நாள் பிழைத்துக் கிடந்ததற்கு அந்த வழக்குதான் காரணம்.

பாலிசி வந்த புதிதில் மில்லில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் நேராக என் அறைக்கே வந்துவிட்டார்.

"எம்மா, இடந்தான் இருக்குல்லா? இருந்துட்டுப் போட்டுமே. ஒண்ணும் சோறு கேக்கலையே!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பத்திரமாக வைத்திருப்பது என்றால் எதையும் தூர எறியாமல் இருப்பதுதானே? சட்டப் பிரிவில் இருக்கும் பெண்ணிடம் இதை ஒருமுறை வீடியோ அழைப்பில் கேட்டேன். என்னைவிட வயதில் சிறியவள். பேசும்போது பேனாவைத் திருகிக்கொண்டே இருப்பாள்.

"வச்சிருந்தா பத்திரம்னு நினைக்காதீங்க மேடம்" என்றாள். "வச்சிருந்தா, யாராவது கேக்கறப்ப எடுத்துக் காட்டியாகணுங்க. இன்னொருத்தரோட விஷயம் அதுல இருந்தா, அது வெளிய போகாம பாத்துக்கணும். அழிக்க வேண்டியத அழிக்கறதும் பாதுகாப்புல சேந்ததுதானுங்க."

அது எனக்குப் புதுசாக இருந்தது. அதன் பிறகு அழிப்பதில் எனக்குச் சங்கடம் குறைந்தது. கேன்டீனில் பூரி தீர்ந்துபோன தகராறு, ஆயுத பூஜைக்கு யார் பொரி வாங்குவது என்ற வாக்குவாதம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. யாரும் தேடவில்லை.

ஆனால் அண்ணாச்சியின் பெட்டி என்றதும் கை கொஞ்சம் தயங்கியது.

அவர் அறை என் அறைக்கு எதிரே இருந்தது. ஆள் வாட்டசாட்டம். குரலும் அப்படித்தான். விளாத்திகுளம், நாகலாபுரம் பக்கமெல்லாம் போய்ப் பருத்தி பார்த்துவிட்டு வந்தால் சட்டையெல்லாம் பஞ்சாக இருக்கும். முதல் ஷிப்ட் சங்கு ஊதுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்து, இரண்டு ஆள்காட்டி விரல்களால் மட்டும் டைப் அடிப்பார். ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பிடித்துக் குத்துவார். "காலையிலேயே என்ன அண்ணாச்சி இவ்வளவு எழுதுதீங்க?" என்று கேட்டால், "ரிப்போர்ட்டும்மா, ரிப்போர்ட்டு" என்பார். ஒரு பங்குனி வெயிலில், பருத்தி அரவை நடக்கும் ஆலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவர் இறந்த பிறகும் சில மாதங்களுக்கு அவர் பெயருக்கு மெயில்கள் வந்துகொண்டிருந்தன. இறந்துவிட்டார் என்று பதில் எழுதியதும் நான்தான். வழக்கு வந்ததும் பெட்டியைப் பூட்டிவிட்டேன்.

இப்போது பூட்டைத் திறந்து, கம்பெனிக்கு வேண்டியதைப் பழைய மெயில்களைச் சேர்த்துவைக்கும் கிடங்குக்கு மாற்றிவிட்டு, மீதியை அழிக்க வேண்டும். வேலை சுலபமாகத்தான் போனது. பருத்தி விலை, ஈரப்பதம், லாரி வந்த நேரம். அவர் எழுதுவதே ஒரு தினுசு. மேலதிகாரிக்கு எழுதினாலும் முதல் வரியில் மழை வந்துவிடும். 'ஓட்டப்பிடாரம் பக்கம் நேத்து நல்ல மழை. பருத்தி நனைஞ்சு கிடக்கு. ரெண்டு நாள் பொறுத்து எடுக்கலாம்.' ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதுவார். படிக்கும்போது அவர் குரலே கேட்கிற மாதிரி இருந்தது.

தலைப்பு வாரியாக அடுக்கியபோதுதான் அது கண்ணில் பட்டது. 'பாப்பா' என்ற தலைப்பில் மெயில்கள் வரிசையாக, பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஏதோ கம்பெனி பெயர் என்று நினைத்து ஒன்றைத் திறந்தேன்.

'அப்பா, இங்க மெஸ் சாப்பாடு வாயில வைக்க முடியல' என்று ஆரம்பித்தது. உடனே மூடிவிட்டேன்.

அவர் மகள் இன்ஜினியரிங் படிக்க வெளியூர் போயிருந்த காலத்தவை அவை. அந்தக் கல்லூரி விடுதியில் செல்போன் வைத்துக்கொள்ளக்கூடாது. கம்ப்யூட்டர் லேபில் மெயில் மட்டும் அனுப்பலாம். அண்ணாச்சிக்கு இருந்த ஒரே மெயில் முகவரி கம்பெனி கொடுத்ததுதான். அவர் காலையில் எழுதிக்கொண்டிருந்த ரிப்போர்ட் எது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. படிப்பு முடிந்ததும் கல்லூரி அவள் முகவரியை மூடியிருக்கும். அப்படியானால் அந்த அப்பாவும் மகளும் எழுதிக்கொண்டது இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை. மாதக் கடைசியில் இங்கேயும் இருக்காது.

மில் மேனேஜரிடம் சொன்னேன். "நமக்கெதுக்கும்மா வம்பு? அழிக்கச் சொன்னா அழிச்சிருங்க" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "கேட்டு வேணாப் பாருங்க. அண்ணாச்சி வீட்டு விசேஷத்துக்கெல்லாம் போய்ச் சாப்பிட்டிருக்கோம்" என்றார்.

சட்டப் பிரிவுப் பெண்ணுக்கு எழுதினேன். முதலில், கம்பெனி முகவரியில் இருப்பது கம்பெனியின் சொத்து, வெளியாருக்குத் தர முடியாது என்று பதில் வந்தது. போன் செய்தேன்.

"வெளியாள் இல்லம்மா, அவருடைய மகள்" என்றேன். "இதுல கம்பெனி விஷயம் எதுவும் இல்ல."

"எல்லாத்தையும் படிச்சுப் பாத்தீங்களா மேடம்?"

"இல்ல."

"அப்புறம் எப்படிங்க சொல்றீங்க?"

"அப்பாவும் பிள்ளையும் எழுதுனத நான் எப்படிம்மா படிக்க? படிக்க எனக்கு மனசு வரல."

"பாக்கறேனுங்க" என்று மட்டும் சொன்னாள். பேனாவைத் திருகிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். வாரிசுகள் இருவரும், அதாவது மனைவியும் மகளும், எழுத்து மூலம் கேட்க வேண்டும். நேரில் வந்து மில்லில் உட்கார்ந்து மகளே ஒவ்வொன்றாகப் படித்துப் பிரிக்க வேண்டும். கம்பெனி சமாச்சாரம் இருந்தால் அது வெளியே போகக்கூடாது. சாட்சிக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும், தானும் வீடியோவில் இருப்பதாகச் சொன்னாள்.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். போனில் விஷயத்தைச் சொன்னேன். "அதெல்லாம் இன்னும் இருக்கா அத்தை?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் அம்மாவை நான் மதினி என்று கூப்பிடுவேன். எட்டயபுரம் போகும் வழியில் அவர்கள் ஊர். அண்ணாச்சி போன பிறகும் மதினி தனியாக இருந்து மானாவாரி நிலத்தில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறார். போனில் அவருக்குப் புரியவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"மெயிலா? அது அவிய ஆபீஸ் வேலைல்லா? அதுக்கு நான் எதுக்கு?"

"கையெழுத்துப் போடணும் மதினி. உங்க மகளும் வாரா."

"அவ வாராளா?" என்றார். பிறகு, "எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லலையே" என்றார்.

அண்ணாச்சி இறந்த வருஷம் மகள் அம்மாவைச் சென்னைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். மதினி போகவில்லை. அதில் தொடங்கிய மனத்தாங்கல். அடியோடு பேச்சு நின்றுவிடவில்லை. சாப்பிட்டாயா, மழை பெய்ததா, மாத்திரை போட்டாயா என்ற அளவில் ஓடிக்கொண்டிருந்தது. கோவில்பட்டிக்கு விதை வாங்க வரும்போது மதினி என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார். குறையாகச் சொல்லவில்லை, ஒரு தகவல் போலத்தான் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை காலையில் இருவரும் வந்தார்கள். மகள் சென்னை ரயிலிலிருந்து இறங்கி நேராக மில்லுக்கு வந்தாள். மதினி பஸ்ஸில் வந்து, நனைந்த குடையோடு செக்யூரிட்டி அறையில் உட்கார்ந்திருந்தார். மழையால் களையெடுப்பு நின்றிருந்தது, அதனால்தான் வர முடிந்தது என்றார்.

"சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்டார்.

"ஸ்டேஷன்ல சாப்பிட்டேன்."

இரண்டு பேரையும் மீட்டிங் அறைக்கு அழைத்துப் போனேன். மேஜையின் ஒரு ஓரத்தில் லேப்டாப்பில் கோயம்புத்தூர்ப் பெண் தெரிந்தாள். வணக்கம் சொன்னாள். மதினி எழுந்து நின்று கும்பிட்டார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மகளை இன்னொரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்காரவைத்து, சொந்த மெயில் என்றால் இந்தப் பக்கம், கம்பெனி சமாச்சாரம் இருந்தால் அந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுத்தேன்.

அவள் மனதுக்குள்ளேயே படித்தாள். திரை அவள் கண்ணாடியில் தெரிந்தது. சிலதைப் படித்துவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். மதினி பையை மடியில் வைத்துக்கொண்டு அலமாரியில் இருந்த நூல்கண்டு மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தார்.

"என்ன எழுதியிருக்காவ?"

"சும்மாதாம்மா."

"சும்மாவா இம்புட்டு எழுதுவாவ?"

நான், "சத்தமா வாசியேன் பாப்பா" என்றேன். அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். அந்தப் பெண் சரி என்று தலையை ஆட்டினாள்.

மகள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள். "'பாப்பா, இங்கன நேத்து ராத்திரி நல்ல மழை. அம்மா சொல்லச் சொன்னா. உன்னய நெனச்சு நெனச்சு அவளுக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரலையாம். நீ ஒல்லியாப் போயிருப்பேன்னு சொல்லிச் சொல்லி அழுதா.'"

மதினி நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு, நானா?"

"ஆமா. அம்மா சொல்லச் சொன்னான்னுதான் எழுதியிருக்காரு."

"நான் எங்கட்டி அழுதேன்? காட்டுல வேல பாத்துட்டு வந்து தலயச் சாய்ச்சா, கோழி கூப்பிடத்தான் முழிப்பேன். பிள்ள தலைக்கு எண்ண தேய்க்காளா, முடி கொட்டுதான்னு கேளுங்கன்னேன். அம்புட்டுத்தான் நான் கேட்டது!"

மகள் அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். அடுத்த மெயிலுக்குப் போனாள். அதிலும் 'அம்மா சொல்லச் சொன்னா' இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. பரீட்சைக்கு முன்னால் அம்மா கழுகுமலைக்குப் போய் அவள் பெயரில் அர்ச்சனை செய்தாளாம். "கழுகுமலைக்குப் போனது மெய்தான்" என்றார் மதினி. "மாட்டுக்கு மேலுக்குச் சொகமில்லன்னு வேண்டிக்கிட்டுப் போனேன். போன இடத்துல உனக்குஞ் சேத்துக் கும்பிட்டேன்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மகளால் அடக்க முடியவில்லை. பிறகு அவள் எழுதிய ஒன்றை வாசித்தாள். "'அப்பா, அம்மா குடுத்துவிட்ட அதிரசம் கல்லு மாதிரி இருக்கு. ரூம்ல ஒருத்தியும் தொடல. இனிமே அனுப்ப வேண்டாம்னு சொல்லிருங்க.'"

"அட பாவி மனுசா!" மதினி பையைத் தூக்கி மேஜையில் வைத்துவிட்டார். "எங்கிட்ட என்ன சொன்னாவ தெரியுமா? ஆஸ்டல்ல அத்தன பிள்ளையளும் அடிச்சுப் பிடிச்சுத் தின்னுட்டுவளாம், நீ இன்னுங் கொஞ்சம் அனுப்பச் சொன்னியாம். நான் அந்த வாரமே உக்காந்து இன்னொரு டப்பா சுட்டுக் குடுத்தேன்!"

"அதான் டப்பா டப்பாவா வந்துச்சா? வேண்டாம்னு சொல்லச் சொல்ல ஏன் அனுப்புதேன்னு உன் மேல எவ்வளவு கோவம் தெரியுமா எனக்கு?"

லேப்டாப்பிலிருந்து குபீரென்று ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. கோயம்புத்தூர்ப் பெண் ஒலியை நிறுத்தி வைக்க மறந்திருந்தாள். "சாரிங்க, சாரிங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த அறையில் எல்லோருக்கும் உட்காரக் கொஞ்சம் சுலபமாக இருந்தது. நான் டீ சொன்னேன்.

டீ குடித்து முடித்துவிட்டு மகள் மறுபடியும் உட்கார்ந்தாள். இரண்டாம் வருஷத்து மெயில்கள் வந்தன. ஒன்றைத் திறந்தவள் மேலும் கீழுமாக நகர்த்தினாளே தவிர வாசிக்கவில்லை.

"இத அழிச்சிரலாம் அத்தை" என்றாள்.

"என்னது அது?" என்றார் மதினி.

"ஒண்ணுமில்லம்மா."

"வாசிடி. இவ்வளவு வாசிச்சிட்டே."

அவள் வாசித்தாள். குரல் இறங்கியிருந்தது. அவளே அப்பாவுக்கு எழுதியது அது. எனக்கு இங்கே பிடிக்கவில்லை. இன்ஜினியரிங்தான் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அம்மாதான். நான் வீட்டில் இல்லாதது அவளுக்கு நிம்மதியாக இருக்கும். திரும்பி வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். அப்படிப் போனது அந்த மெயில்.

மதினி மேஜையைப் பார்த்தபடி இருந்தார். "அதுக்கு அவிய என்ன எழுதுனாவ?"

மகள் அடுத்ததைத் திறந்தாள். "'பாப்பா, உன் மெயில அம்மாவுக்கு அப்படியே படிச்சுக் காட்டிட்டேன். அம்மா சொல்லச் சொன்னா. உனக்குப் பிடிக்கலேன்னா நாளைக்கே கெளம்பி வந்திரு. யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டோம். நீ படுக்கிற எடம் அப்படியே இருக்கு. படிப்பு என்ன படிப்பு, பிள்ள நல்லா இருந்தாப் போதும்.'"

லேப்டாப்பில் அந்தப் பெண் குனிந்து எதையோ எழுதுகிற மாதிரி இருந்தாள்.

"எங்கிட்ட அவிய இத வாசிக்கவே இல்ல" என்றார் மதினி. "இப்பிடி ஒண்ணு நீ எழுதுனதே எனக்குத் தெரியாது."

அந்தப் பதிலை நம்பித்தான் மகள் அங்கேயே தங்கிப் படித்து முடித்திருக்கிறாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். வரலாம் என்று அம்மாவே சொன்ன பிறகு, வர வேண்டும் என்ற அவசரம் போய்விட்டதாம்.

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நான் சொல்லல. ஆனா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பியாம்மா?"

"வரச் சொல்லியிருப்பேன். ரெண்டு நாள் சோறு போட்டு, மூணாம் நாளு நானே கொண்டுவந்து விட்டிருப்பேன்."

மகள் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இப்பவும் அப்படித்தானம்மா? சென்னைக்கு வான்னா வரமாட்டேங்கே" என்றாள்.

"நீ எப்ப வான்னு கூப்பிட்டே? 'அந்தக் காட்ட வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறே'ன்னு கேட்டே. அது கூப்பிடுததா?"

"அதுக்கு அர்த்தம் அதான்."

"எனக்கு எப்படிடி தெரியும்?"

"அப்பா இருந்திருந்தா உங்கிட்ட அத வேற மாதிரி சொல்லியிருப்பாரு."

"ஆமா" என்றார் மதினி. "பொய்யாச் சொல்லியிருப்பாவ. 'உன் மக உன்னய நெனச்சு அழுதா, வா போவோம்'னு சொல்லியிருப்பாவ. நானும் வாயப் பொளந்துக்கிட்டு ரயிலேறியிருப்பேன்."

நான் எழுந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தேன். சாட்சிக்கு இருந்தாக வேண்டும் என்று விதி. அதனால் ஜன்னல் பக்கம் திரும்பி, பஞ்சு லாரி ஒன்று தார்ப்பாயோடு உள்ளே திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதியம் வரை வேலை நடந்தது. தான் எழுதிய அந்த மெயிலை வைத்திருக்க வேண்டாம் என்றாள் மகள். அப்பாவின் பதில் மட்டும் போதும். நான் மதினியைப் பார்த்தேன்.

"அவ எழுதுனது. அவளுக்கு வேண்டாம்னா விட்டுருங்க. எனக்குத்தான் இப்பத் தெரிஞ்சுபோச்சே" என்றார்.

இடையில் ஒரே ஒரு சிக்கல் வந்தது. அண்ணாச்சி ஒரு மெயிலின் நடுவில், மகளின் பிறந்தநாள் வாழ்த்துக்கும் மழைச் செய்திக்கும் இடையே, அந்த வாரம் பருத்தி என்ன விலைக்கு எடுத்தார், யாரிடம் எடுத்தார் என்று எழுதியிருந்தார். மகளுக்கு எதற்கு அந்த விலை என்று எங்களுக்குப் புரியவில்லை. மனிதருக்குச் சொல்ல வேறு ஆள் இல்லையோ என்னவோ.

"அந்த வரி கம்பெனியோடதுங்க" என்றாள் சட்டப் பிரிவுப் பெண். சொல்லிவிட்டு அவளே சங்கடப்பட்டாள். "ரொம்பப் பழைய விலைதான். இருந்தாலும் விதி விதிதானுங்க. அந்த இடத்த மட்டும் மறைச்சிட்டுக் குடுத்திருங்க மேடம்."

அப்படியே செய்தேன். எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி மகளிடம் கொடுத்தேன். மதினி கேட்டதால் சிலவற்றைத் தாளிலும் அச்செடுத்துக் கொடுத்தேன். அந்த வாழ்த்து மெயிலைக் கையில் வாங்கி, நடுவில் இருந்த கறுப்புப் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்கன என்ன எழுதியிருந்தாவ?"

"பருத்தி விலை மதினி."

"பிள்ளைக்குப் பெறந்தநாள் அன்னைக்குமா? திருந்தாத மனுசன்" என்றார். ஆனால் தாளை நாலாக மடித்துப் பைக்குள் பத்திரமாகத்தான் வைத்தார். ஆங்கில எழுத்தில் இருந்த தமிழை அவரால் படிக்க முடியாது. தமிழ் எழுத்தில் மாற்றித் தருகிறேன் என்றாள் மகள். "வேண்டாம், நீயே வாசி. போன்ல வாசி, நான் கேக்கேன்" என்றார்.

அன்று மாலை ரயிலைப் பிடிப்பதாகத்தான் மகள் வந்திருந்தாள். மில் வாசலில் ஆட்டோ ஏறும்போது டிரைவரிடம் எட்டயபுரம் பஸ் நிற்கிற இடத்துக்குப் போகச் சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரே குடைதான் இருந்தது. அதை யார் பிடிப்பது என்று ஆட்டோவுக்குள் ஏறுவதற்குள்ளேயே ஒரு வாக்குவாதம் நடந்தது.

மாதக் கடைசியில் பெட்டியை அழித்தேன். கம்பெனிக்கு வேண்டியவை கிடங்குக்குப் போய்விட்டன, வீட்டுக்குச் சேர வேண்டியவை வீட்டுக்குப் போய்விட்டன. உறுதியாக அழிக்கலாமா என்று கம்ப்யூட்டர் ஒருமுறை கேட்டது, ஆம் என்றேன். பட்டியலிலிருந்து அவர் பெயர் போனபோது மனசு கனக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. விருந்தாளிகளை அனுப்பிவிட்டு வீட்டைக் கூட்டி முடித்தது போல இருந்தது. அழித்ததற்கான சான்றில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அடுத்த முறை பாலிசியைத் திருத்தி அனுப்பியபோது அதில் புதிதாக ஓர் உட்பிரிவு இருந்தது. இறந்த ஊழியரின் பெட்டியில் தனிப்பட்ட கடிதப் போக்குவரத்து காணப்பட்டால், அழிப்பதற்கு முன் வாரிசுகளுக்குத் தெரிவித்து, கேட்டால் சாட்சி முன்னிலையில் பிரித்துக் கொடுக்கலாம் என்று வறட்டு மொழியில் எழுதியிருந்தது. மில்லில் அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள். நான் கோயம்புத்தூருக்கு ஒரு வரி நன்றி எழுதினேன். 'உங்களாலதானுங்க மேடம்' என்று பதில் வந்தது. அந்த அன்றாட மெயில் பாலிசிப்படி இந்நேரம் அழிந்திருக்கும்.

தை மாசம் மதினி புது உளுந்து கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார். பொங்கலுக்கு மகள் வந்திருந்தாளா என்று கேட்டேன்.

"வந்தா. நாலு நாள் இருந்தா. நாலு நாளும் சண்டதான்" என்றார். "ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போன்ல ஒரு மெயிலு வாசிப்பா. பாதி வாசிக்கதுக்குள்ள, நீ அப்பிடிச் சொன்னே, நான் இப்பிடிச் சொன்னேன்னு ஆரம்பிச்சிரும். இன்னும் முதல் வருசத்து மெயிலே முடியல, பாத்துக்கிடுங்க."

"சென்னைக்குப் போறீங்களா மதினி?"

"உளுந்து எடுத்தாச்சு. இனி சோளம் அறுக்கணும். அது முடிஞ்சா ஒரு மாசம் போய் இருந்துட்டு வாரேன்னு சொல்லியிருக்கேன். நானே சொன்னேன், என் வாயால" என்றார். பிறகு உளுந்துப் பையை என் பக்கம் தள்ளி, "வெயில்ல ஒரு காய்ச்சல் காய வச்சு எடுங்க. இல்லேன்னா பூச்சி விழுந்துரும்" என்றார்.